பி.காம். சேர்க்கை: தஞ்சை, கும்பகோணம் பக்கம் படிக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். அண்ணன் மகள் பாபநாசம் பக்கம் அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து தமிழ் வழி. பிளஸ் டூ காமர்ஸ், 600க்கு 487. தனியார் கல்லூரியில் பி.காம். சேர்க்கணும். மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்று எல்லாம் ரெடி.

குழப்பம் என்னன்னா, ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவுன்னு ரெண்டு இருக்கு. பீஸ் மலைக்கும் மடுவுக்கும். இந்த மார்க்குக்கு எய்டட் சீட் கிடைக்குமா? சுயநிதின்னா தவணையில் கட்டலாமா? குறுவை அறுத்தாத்தான் அண்ணன் கையில் காசு. அரசோட புதுமைப்பெண் திட்டத்தில் 1,000 ரூபாய் மாதாமாதம் வரும், ஆனா அது சேர்ந்த பிறகுதானே!

இன்னொண்ணு, வகுப்பில் தமிழ் வழிப் பிள்ளைங்க இருப்பாங்களா? எல்லாரும் மெட்ரிக் பிள்ளைங்கன்னா இவ வாயே திறக்க மாட்டா. அண்ணிக்குப் பீஸைவிட அதுதான் கவலை. அங்கே படிச்சவங்க கமெண்டில் சொல்லுங்க.