ஆதரவுக் கடிதம் கேட்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம். கையெழுத்துப் போடலாமா?

எர்ணாவூர்க்காரி:

வணக்கம். வட சென்னை எர்ணாவூரில் எங்கள் மகளிர் குழுவில் பதினாலு பேர். பாதிப்பேர் காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர்கள், மீதிப்பேர் வீட்டு வேலை, ஹவுஸ்கீப்பிங். குழுவின் கணக்கை நான் எழுதுகிறேன், அதனால் இந்தத் தலைவலியும் என்னிடமே வந்தது.

போன வாரம் ஒரு தம்பி வந்தார். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகமும் இங்கே நகரத்தில் ஒரு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து பணத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறார்களாம். எண்ணூர்ப் பக்கத்துப் பெண்கள், குழந்தைகளின் மூச்சுப் பிரச்சினை பற்றிய ஆய்வு. தலைப்பில் 'உலக சுகாதாரச் சமத்துவம்' என்று இருக்கிறது. எங்களை 'சமூகக் கூட்டாளி' என்று போடுவார்களாம். நல்ல பிள்ளைதான், டீ கொடுத்தாலே கூச்சப்படுகிறார். ஆனால் அவர் கேட்டது ஒரே ஒரு கடிதம். வாசகத்தையும் அவர்களே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, வாட்ஸப்பில் அனுப்பினால் போதும்.

ஏன் தயங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஆய்வுக்கு நான் ஃபாரம் நிரப்பும் வேலை பார்த்தேன். ஒரு ஃபாரத்துக்கு 40 ரூபாய். ஒரு வீட்டில் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். கடைசியில் ஒரு மிஷினில் ஊதச் சொல்லுவோம். எங்கள் தெருவில் மட்டும் அறுபது பேரை ஊத வைத்தேன். மீன் விற்கும் ஒரு ஆயா மூன்று தடவை ஊதி, மூன்று தடவையும் இருமி, "இதையெல்லாம் எழுதிட்டுப் போய் என்னடி பண்ணுவீங்க?" என்றது. ரிசல்ட் வரும் ஆயா என்றேன். வரவே இல்லை. நான் கேட்டேன், "அது ஆய்வுக்கு மட்டும்தான், சிகிச்சைக்கு இல்லை" என்றார்கள். பிறகு என் அண்ணன் மகன் நெட்டில் அந்தப் பேப்பரைக் கண்டுபிடித்தான். எங்கள் தெரு இருக்கும் வரைபடம்கூட அதில் இருக்கிறதாம். முழுசாகப் படிக்க டாலரில் பணம் கட்ட வேண்டும் என்று வந்தது. ஆயா இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "எங்கடி என் சீட்டு?" என்று கேட்கும்.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு அமோனியா வாடை வந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்கு அப்புறம் வீசிங் கூடிவிட்டது என்று நாங்கள் சொன்னால், முன்னால் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். அதற்கு எங்களிடம் ஒரு துண்டுத் தாள் கிடையாது.

இப்போது நான் என்ன கேட்க வேண்டும்? கேட்டால் வேறு குழுவிடம் போய்விடுவார்களா?

---

கம்யூனிட்டி மெடிசின் பி.ஜி.:

அக்கா, அந்தக் கடிதத்தைச் சும்மா நினைக்காதீர்கள். சுகாதார ஆராய்ச்சிக்குப் பணம் தரும் இங்கிலாந்து அரசின் என்.ஐ.எச்.ஆர். மாதிரி இடத்துப் பணமாக இருந்தால், உள்ளூர் மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறோம் என்று விண்ணப்பத்திலேயே தனியாக எழுதியாக வேண்டும். அதாவது உங்கள் கையெழுத்து அவர்களுக்கு மார்க். உங்கள் கை ஓங்கியிருப்பது திங்கட்கிழமை வரைக்கும்தான். பணம் வந்த பிறகு கேட்டால், "பட்ஜெட்டில் இல்லையே" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். இதை நானே அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதனால் முதலில் பட்ஜெட் தாளைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் குழுவின் பெயர் அதில் எந்த வரியில், எவ்வளவு தொகையோடு இருக்கிறது என்று பாருங்கள். கடிதத்தில் பெயர் இருந்து பட்ஜெட்டில் இல்லை என்றால் நீங்கள் கூட்டாளி இல்லை, அலங்காரம்.

ஊதும் சோதனை பற்றி: நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் அதற்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். ஊதிய அன்றே அவரவர் கையில் தமிழில் ஒரு சீட்டு, அளவு மோசமாக இருப்பவர்களை எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஓ.பி.க்கு அனுப்புவது என்ற ஏற்பாடு, இரண்டையும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுத வையுங்கள். ஆய்வு நெறியோடு நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி இதைத் தடுக்காது. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளே ஆய்வின் பலன் மக்களுக்குத் திரும்ப வர வேண்டும் என்றுதான் சொல்கின்றன. வெளிநாட்டுப் பணமும் கூட்டும் இருப்பதால் சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டி அனுமதியும் தேவைப்படும், எச்.எம்.எஸ்.சி. என்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். நாளைக்கே வேலை ஆரம்பம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரத்தமோ சளியோ எடுத்தால் அது வெளிநாடு போகுமா, மீதி எங்கே இருக்கும், வேறு ஆய்வுக்குப் பயன்படுமா என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் ஹவசுபாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கு என்று ரத்தம் கொடுத்தார்கள். அது மனநோய் ஆய்வுக்கும் போய்விட்டது. வழக்குப் போட்டு 2010இல் சமரசம் செய்து ஏழு லட்சம் டாலர் வாங்கினார்கள்.

---

ரிட்டயர்டு ஹெல்த் விசிட்டர்:

அம்மா, நான் காசநோய்ப் பிரிவில் முப்பது வருஷம் வீடு வீடாகப் போனவன். வெளிநாட்டுக்காரன் என்றாலே ஏமாற்று என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஆரம்பித்ததே கூட்டு முயற்சிதான். ஐ.சி.எம்.ஆர்., மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நாலு பேர் சேர்ந்தது. அன்றைக்கு டி.பி. என்றால் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். அத்தனை பேருக்குப் படுக்கைக்கு எங்கே போவது? அதனால் பாதிப்பேரைச் சானடோரியத்திலும் பாதிப்பேரை வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் இருநூறு பேருக்கும் குறைவு, எல்லாரும் மெட்ராஸ் ஏழைகள், நெருக்கமான வீடுகள், அரை வயிற்றுச் சாப்பாடு. மாத்திரையைச் சாப்பிட்டார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் எண்ணுவார்கள், சிறுநீரையும் சோதிப்பார்கள். 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணம், கூட இருந்த குடும்பத்துக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை. உலகம் முழுக்க டி.பி. வைத்தியம் வீட்டுக்கு வந்ததில் அந்த மெட்ராஸ் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் வேலையில் சேர்ந்தபோது என் சீனியர்கள் இதைக் கோயில் கதை மாதிரிச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். கேள்வி இந்த ஊருடையது. படுக்கை இல்லை, என்ன செய்வது என்ற கேள்வி. உங்களிடம் வந்த தம்பியிடம் அதைத்தான் கேட்பேன்: இந்தக் கேள்வியை யார் கேட்டது? உங்கள் பெண்கள் கேட்டால் என்ன கேட்பார்கள்? ஒருவேளை மூச்சை விட முழங்கால் வலியோ, வேலை இடத்தில் கக்கூஸ் இல்லாததோ பெரிய கேள்வியாக இருக்கலாம்.

---

காட்டுக்குப்பம் வலைக்காரன்:

கையெழுத்துப் போடாதீங்க அக்கா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு ஆற்றில் எண்ணெய் வந்தது. நாங்கள் பக்கெட்டில் அள்ளிக்கொண்டு இருந்தபோது எத்தனை பேர் பாட்டிலோடு வந்தார்கள் தெரியுமா? தண்ணி எடுத்தான், சேறு எடுத்தான், என் கையைப் போட்டோ எடுத்தான். ஒருத்தனாவது திரும்பி வந்து, "இந்த நண்டைத் தின்னலாம், இதைத் தின்னாதே" என்று சொன்னானா?

---

கணக்குப்பிள்ளை:

வலைக்காரர் கோபம் நியாயம். நான் பண விஷயம் மட்டும் சொல்கிறேன். உங்கள் குழுவுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான சட்டப் பதிவு, இருக்காது என்று நினைக்கிறேன். அப்படியானால் இங்கிலாந்திலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு நன்கொடையாக ஒரு பைசா வரக்கூடாது. உங்கள் சேமிப்புக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். சரி, இங்குள்ள நிறுவனம் வாங்கித் தரட்டும் என்றால், அது எஃப்.சி.ஆர்.ஏ. பதிவில் வாங்கும் பணத்தை இன்னொருவருக்கு மாற்றித் தர 2020 சட்டத்திருத்தம் விடாது. "உங்களுக்கு ஒரு பங்கு தருகிறோம்" என்று வாயால் சொன்னால் அது நடக்காத காரியம்.

வேலைக்குச் சம்பளம் வேறு விஷயம். உங்கள் பெண்களில் நாலு பேரை நிறுவனமே மாதச் சம்பளத்தில் களப்பணியாளராக எடுக்கலாம், பி.எஃப். பிடித்து. ஃபாரத்துக்கு 40 ரூபாய் கணக்கு வேண்டாம். எப்படித் தரப்போகிறார்கள் என்பதை அவர்கள் ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

---

எர்ணாவூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குழுவில் உட்கார்ந்து பேசினோம். வலைக்காரர் எழுதியதைச் சத்தமாகப் படித்தேன், ரெண்டு பேர் கை தட்டினார்கள். ஹெல்த் விசிட்டர் ஐயா சொன்ன மாதிரி, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன். நான் வீசிங் என்று வரும் என நினைத்தேன். மாடியில் காயப்போடும் துணியில் படியும் கரிதான் கருவாட்டிலும் படிகிறதா, அதை விற்கலாமா என்று கேட்டார்கள். இது எந்த ஃபாரத்திலும் நான் பார்க்காத கேள்வி.

திங்கட்கிழமை காலையில் தம்பிக்கு போன் போட்டேன். அவர்கள் கடிதத்தோடு வைக்க நாங்கள் தமிழில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம், இதையும் சேர்த்துத்தான் தருவோம் என்றேன். நாலு பேருக்கு மாதச் சம்பளம், மிஷினில் ஊதும் அன்றே சீட்டு, காசு கட்டாமல் படிக்கக் கிடைக்கும் பேப்பர், தமிழில் கூட்டம் போட்டுச் சொன்ன பிறகுதான் வெளியே சொல்வது, அப்புறம் கருவாடு. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஆய்வை நடத்தும் மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மத்தியானம் அந்த மேடமே கூப்பிட்டார். சம்பளத்துக்கும் சீட்டுக்கும் சரி, பட்ஜெட்டில் சேர்த்து அந்தப் பக்கத்தை அனுப்புகிறேன் என்றார், சாயந்தரம் அனுப்பவும் செய்தார். கருவாட்டுக்குத் தனியாக லேப் வேண்டும், இந்தப் பணத்தில் முடியாது, வேறு யாரையாவது சேர்க்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றார். முடியாததை முடியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது. கையெழுத்துப் போட்டோம். ஆங்கிலக் கடிதத்தில் 'முழு மனதுடன்' என்று இருந்ததாம், அதை மட்டும் அண்ணன் மகனை வைத்து அடித்து நீக்க வைத்தேன்.

ரத்தம் வெளிநாடு போகுமா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. வந்தால் இங்கே போடுகிறேன்.