கருங்கல் அஸ்திவாரமா, பில்லரா, ராஃப்டா? எது செலவு குறைவு?

புதுமனை: 1,000 சதுர அடியில் தரைத்தளமும் முதல் தளமும் கட்டப் போகிறோம். பிற்பாடு இன்னொரு தளம் எடுக்கும் எண்ணமும் உண்டு. கொத்தனார் கருங்கல் அஸ்திவாரமே போதும் என்கிறார். இன்ஜினியர் 12 பில்லர் போடச் சொல்கிறார். கான்ட்ராக்டர், வீட்டின் அடி முழுக்க ஒரே கான்கிரீட் பலகையாக ராஃப்ட் போட்டால் கவலையே இல்லை என்கிறார். எது மலிவு?

கல்கட்டு: கொத்தனார் சொல்வதுதான் சரி. இரண்டு தளத்துக்கு ஒன்பது அங்குலச் சுவரே சுமை தாங்கும். ஒரு மீட்டர் நீளச் சுவர் கீழே இறக்குவது சுமார் 8, 9 டன். சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் மண்ணாக இருந்தால் அரை மீட்டர் அகலத்தில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் போதும். கம்பிச் செலவு பெரும்பாலும் மிச்சம். இப்போது எல்லாரும் பில்லர் பில்லர் என்று ஓடுவது ஃபேஷன்.

கம்பிக்கணக்கு: ஃபேஷன் இல்லைங்க. சுவர் சுமை தாங்கும் வீட்டில் மாடிச் சுவர் கீழ்ச்சுவருக்கு நேர்மேலேதான் வர வேண்டும். நாளைக்கு ஹாலைப் பெரிதாக்கச் சுவரை இடிக்க முடியாது. அவர் மூன்றாவது தளமும் கேட்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? மேலே எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். அஸ்திவாரத்தை அப்புறம் அகலப்படுத்துவது பெரிய தலைவலி.

கல்கட்டு: வருமோ வராதோ தெரியாத தளத்துக்கு இன்றைக்கே பணத்தை மண்ணில் புதைக்கச் சொல்கிறீர்கள்.

கம்பிக்கணக்கு: சரி, மூன்று தளத்துக்கே கணக்குப் போடுவோம். பில்லருக்குச் சராசரி 30 டன், அதன் அடியில் அகலமாகப் போடும் கான்கிரீட் பாதமான ஃபுட்டிங்கின் சொந்த எடையோடு 33. 20 டன் தாங்கும் மண் என்றால் ஒன்றுக்கு 1.65 சதுர மீட்டர், 12-க்கும் சேர்த்து 20. சராசரி 35 செ.மீ. கனம் வைத்தால் 7 கன மீட்டர் கான்கிரீட். அதே வீட்டுக்கு 30 செ.மீ. ராஃப்ட் போட்டால் 28 கன மீட்டர், அதுவும் மேலும் கீழும் இரண்டு வலைக் கம்பியோடு. பில்லர்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் பிளிந்த் பீமைச் சேர்த்துக்கொண்டாலும் நல்ல மண்ணில் ராஃப்ட் வீண் செலவு.

மண்பார்ப்பவன்: மண்ணைப் பார்க்காமலே கொத்தனார், இன்ஜினியர், கான்ட்ராக்டர் மூன்று பேரும் யோசனை சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் இருவரும் 20 டன் என்று வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்! மண் 8 டன்தான் தாங்கும் என்றால்? ஃபுட்டிங்கின் மொத்தப் பரப்பு 50 சதுர மீட்டர் ஆகிவிடும். வீட்டின் பரப்பே 93. பாதியைத் தாண்டினால் ராஃப்டையும் விலை போட்டுப் பார்ப்பது வழக்கம். குழிக்குக் குழி இடைவெளி குறைந்து, பலகை அடைக்கும் கூலியும் ஏறும். கல்கட்டு சாருடைய அரை மீட்டர் வானமும் அங்கே ஒரு மீட்டரைத் தாண்டும்.

கரிசல் மண் என்றால் கதையே வேறு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பி வீட்டைத் தூக்கும். மெல்லிய ராஃப்ட் அங்கே காப்பாற்றாது. ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைத் தாண்டி, அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்) இறக்குவார்கள்.

புதுமனை: மண் பரிசோதனைக்குத் தனியாகச் செலவு ஆகுமே. பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்துப் போட்டால் போதாதா?

மண்பார்ப்பவன்: பக்கத்து மனையில் பழைய கிணற்றைத் தூர்த்திருக்க மாட்டார்கள், உங்கள் மனையில் தூர்த்திருக்கலாம். பரிசோதனையில் துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, அதன் அடியில் உள்ள குழாய் மண்ணில் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். மொத்தச் செலவில் அது கொசுறு.

கல்கட்டு: பரிசோதனை செய்யட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? கெட்டி மண் என்று வந்தால் இரண்டு தளத்துக்கு என் கணக்கை யாரும் மிஞ்ச முடியாது.

கம்பிக்கணக்கு: இரண்டு தளத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். மூன்றுக்கு இல்லை. புதுமனை, கான்ட்ராக்டரிடம் சதுர அடிக் கணக்கில் விலை வாங்காதீர்கள், அதில் எத்தனை அடி ஆழம் என்பதே இருக்காது. தோண்டுதல், கான்கிரீட், கம்பி, மண் நிரப்புதல், தண்ணீர் இறைப்பது எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். குழி அதிகமாகத் தோண்டிவிட்டால் மண்ணைப் போட்டு மூடாமல் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

புதுமனை: எங்கள் மனையின் பின்மூலையில் மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். அங்கேயும் துளை போட வேண்டுமா?

மண்பார்ப்பவன்: முதல் துளையே அங்கேதான்.