கெர்ன்சா தோசை மாவுக்குச் சந்தை மேம்பாட்டு மானியம்: எதற்காகக் கேட்பது?

கேள்வி: ஆலைக்காரர், மினியாபொலிஸ், அமெரிக்கா

வணக்கம். இங்கே சிறிய மாவு ஆலை ஒன்றை நடத்துகிறேன். கம்பு, கேழ்வரகு, கோதுமை ஆகியவற்றை அரைத்து இந்தியக் கடைகளுக்கும் இரண்டு ரொட்டிக் கடைகளுக்கும் கொடுத்து வருகிறேன். நிலத்தை வெறுமையாக விடாமல் ஆண்டு முழுவதும் மூடி வைக்கும் பயிர்களுக்குச் சந்தை தேடித்தரும் தொழில்களுக்கு மினசோட்டா மாநில வேளாண்மைத் துறை மானியம் வழங்குகிறது என்று அறிந்து, கெர்ன்சா என்ற பல்லாண்டுத் தானியத்தின் மாவில் தோசை வார்த்துப் பார்த்தேன். உளுந்தோடும் பச்சரிசியோடும் கலந்தபோது ஓரம் சற்றுப் பிய்ந்ததே தவிர, நடுப்பகுதி நன்றாகவே முறுகி வந்தது. பொட்டல வடிவமைப்பு, விளம்பரம், கடைகளில் மாதிரி கொடுப்பது ஆகியவற்றுக்குப் பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். 'குளூட்டன் (கோதுமையில் உள்ள பசைப் புரதம்) இல்லாதது' என்றும் பொட்டலத்தில் அச்சிட எண்ணம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் 1: மண் ஆய்வாளர்

முதலில் அந்தக் கடைசி வரியை நீக்கிவிடுங்கள். கெர்ன்சா கோதுமையின் உறவுப் புல். அதில் குளூட்டன் உண்டு. ரொட்டியை உப்பச் செய்யும் வலு அதற்குக் குறைவு என்பதால்தான் ரொட்டிக் கடைக்காரர்கள் அதைக் கோதுமையோடு கலக்கிறார்கள். தோசைக்கு அந்த வலு தேவையில்லை என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் குளூட்டன் ஒவ்வாதவர் அதைச் சாப்பிடக் கூடாது.

அரசு எதற்காகப் பணம் தருகிறது என்பதை விண்ணப்பத்தில் நீங்கள் புரிந்து எழுத வேண்டும். இந்த மாநிலத்தில் சுமார் 80 லட்சம் ஏக்கரில் மக்காச்சோளம் விளைகிறது. சோயாவும் ஏறக்குறைய அதே அளவுதான். அறுவடை முடிந்த இலையுதிர் காலத்திலிருந்து அடுத்த ஆண்டு விதைப்பு வேரூன்றும் வரை மண்ணில் உயிருள்ள வேர் இல்லை. பனி உருகி மழையும் சேரும் அந்த வசந்த காலத்தில்தான், உரத்திலிருந்து வரும் நைட்ரேட் என்ற உப்பு கீழே இறங்குகிறது. தென்கிழக்கு மினசோட்டாவில் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகள் வழியே அது கிணற்று நீரை எளிதில் அடைந்துவிடுகிறது; குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பைப் பல கிணறுகள் தாண்டியதால், 2023 நவம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை 8 மாவட்டங்களைக் குறிப்பிட்டு மாநில அரசுக்கு எழுதியது. கெர்ன்சாவின் வேர் 10 அடி வரை இறங்கி அந்த நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே உங்கள் தோசையால் எத்தனை ஏக்கர் கூடுதலாக விதைக்கப்படும் என்பதே மதிப்பிடுபவர் தேடும் பதில்.

பதில் 2: கூட்டுறவுக் கொள்முதலில் பணிபுரிந்தவர்

விளம்பரத்துக்குப் பணம் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கெர்ன்சாவின் சிக்கல் வயலுக்கும் ஆலைக்கும் நடுவில் இருக்கிறது. மணி சீரகம்போல் ஒல்லியாக நீண்டு, பெரும்பாலும் உமியோடுதான் களத்துக்கு வருகிறது. கோதுமைக்குப் பொருத்தப்பட்ட சல்லடையில் போட்டால் களை விதையோடு தானியமும் கீழே போய்விடும். எங்கள் முதல் சுமையில் ஒரு பங்கை அப்படித்தான் குப்பையிலிருந்து திரும்பப் பொறுக்கினோம். உமி நீக்கிச் சுத்தப்படுத்தும் செலவு, குறைந்த அளவுக்கு மிக அதிகம். விளைச்சலும் பெரும்பாலும் கோதுமையில் மூன்றில் ஒரு பங்கை எட்டுவதில்லை. முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு இன்னும் சரிகிறது. மினசோட்டா பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட கிளியர்வாட்டர் ரகம் முதல் வணிக ரகம். அதற்குப் பின்னும் நிலைமை தலைகீழாக மாறிவிடவில்லை.

தேவை மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு ஜெனரல் மில்ஸ் என்ற பெரிய உணவு நிறுவனமே சான்று. பெருமளவில் வெளியிட நினைத்த கெர்ன்சா காலை உணவை, விளைச்சல் பொய்த்ததால் 2019-இல் குறைந்த எண்ணிக்கைப் பெட்டிகளாகவே வெளியிட முடிந்தது. எனவே உமி நீக்கும் வசதிக்கும், இரண்டு ஆண்டுக் கொள்முதல் ஒப்பந்தத்துக்கும் பணம் கேளுங்கள். இன்னொன்று: இத்தகைய மானியங்களில் பெரும்பாலானவை, நாம் செலவழித்து ரசீது காட்டிய பிறகே கைக்கு வரும். அதுவரை தாங்கக் கையில் முதல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் 3: திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்

மேலே உள்ளவர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. எங்கள் பக்கம் சாமைக்கும் வரகுக்கும் இதே உமிப் பிரச்சினைதான். உரலில் குத்திக் குத்திப் பெண்கள் சலித்துப்போனதே பல மலைக்கிராமங்களில் அந்தப் பயிர்கள் குறைந்ததற்கு முக்கியமான காரணம். திட்டப் பணத்தில் இயந்திரம் வாங்கிய கிராமம் ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன். சல்லடை கிழிந்து எட்டு மாதமாகியிருந்தது; மாற்றுச் சல்லடை கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமாம். இயந்திரத்தின் மேல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வாங்குபவர் மாதந்தோறும் வந்து கேட்டிருந்தால் யாராவது பேருந்து ஏறிப் போய்ச் சல்லடை வாங்கி வந்திருப்பார்கள். இயந்திரத்துக்குக் கேட்கும்போதே உதிரிபாகத்துக்கும், அதை இயக்குபவரின் கூலிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில் 4: மண் ஆய்வாளர்

கெர்ன்சாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. குளிர்கால கேமலினாவும் பென்னிகிரஸும் இலையுதிர் காலத்தில் விதைத்துக் கோடையில் அறுக்கும் எண்ணெய்ப் பயிர்கள். ஆனால் அவற்றின் எண்ணெய்க்கு விமான எரிபொருள் சந்தையை எதிர்பார்த்துப் பெரிய நிறுவனங்களே முன்வந்துவிட்டன. தவிர, கேமலினா விதை கேழ்வரகைவிடச் சிறியது. லாரியின் இடுக்குகளையெல்லாம் நாடாவால் ஒட்டாமல் ஏற்றினால் வழியெங்கும் விதைத்துக்கொண்டே போவீர்கள். உங்கள் அளவிலான ஆலைக்குக் கெர்ன்சாவும், பனியைத் தாங்கும் கலப்பின ரை என்ற தானியமும்தான் பொருந்தும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. 'குளூட்டன் இல்லாதது' என்ற வரியை எடுத்துவிட்டேன். இயந்திரத்தைச் சொந்தமாக வாங்காமல், ஏற்கெனவே ஓட்ஸுக்கு உமி நீக்கும் ஆலை ஒன்றில் நாள் வாடகைக்கு இடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒரு டன்னுக்குக் குறைவாக ஓட்ட முடியாது என்கிறார்கள். அந்த ஒரு டன்னைப் பங்கிட்டுக்கொள்ள இரண்டு ரொட்டிக் கடைகளிடமும் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கி, அதையே விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் வைக்கப் போகிறேன். கூட்டுறவில் பணிபுரிந்த நண்பருக்கு ஒரு கேள்வி: ஒரு டன் சுத்தமான மணி கிடைக்க, உமியோடு எவ்வளவு வாங்க வேண்டியிருந்தது?