புதுப்பிப்பு: குளிர்காலத்துக்கு முன் டீலரிடம் காரைக் காட்டிய பிறகு

வாங்கி இரண்டு ஆண்டுகளை எட்டும் என் காரில், குளிர்ந்த காலைகளில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்து, சிறிது தூரம் ஓட்டியதும் அணைவது ஏன் என்றும், குறைவாகவே ஓடிய வண்டிக்குப் பிரேக் திரவத்தை இப்போதே மாற்ற வேண்டுமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். நேற்று டீலரின் சர்வீஸ் மையத்தில் இரண்டுக்கும் விடை கிடைத்தது.

விளக்கில் கோளாறு இல்லை. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. இறங்கும், ஓடும்போது டயர் சூடேறி அழுத்தம் கூடுவதால் விளக்கு அணைந்துவிடுகிறது. ஆகவே, கார் சில மணி நேரம் நின்று டயர் குளிர்ந்த பிறகு அளந்து, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு நிரப்ப வேண்டுமே தவிர, டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் உச்ச அளவுக்கு நிரப்பக் கூடாது. பாதுகாப்பு சார்ந்தது என்பதால் இதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதாலும், அதனால் அதன் கொதிநிலை தாழ்வதாலும், இங்கே ஓடிய தூரத்தைவிடக் கழிந்த காலமே முக்கியம். என் காரின் கையேடும் 2 ஆண்டுகள் என்றே சொல்வதால் மாற்றிவிட்டேன்.

பேட்டரி, எஞ்சின் ஓடாத நிலையில் 12.6 வோல்ட் காட்டியது. அது நல்ல நிலை. எஞ்சின் உட்புறச் சுத்திகரிப்பையும் பரிந்துரைத்தார்கள். கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் அது இல்லையே என்று பணிவாகக் கேட்டதும், கட்டாயமில்லை என ஆலோசகர் ஒப்புக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.