விடுப்பில் சென்றவரின் மேசைக்கு யார் பொறுப்பு?

ராகிக்காட்டான், கிருஷ்ணகிரி மாவட்டம்:
விடுப்பை விட்டுக்கொடுத்துப் பெறும், 2020இல் நிறுத்தப்பட்ட சரண் விடுப்புப் பணத்தை அரசு ஊழியர்களுக்கு 2025 அக்டோபர் 1 முதல் தமிழக அரசு மீண்டும் வழங்குகிறது. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும் 30 நாள் ஈட்டிய விடுப்பும் ஏற்கெனவே உண்டு. அண்ணன் காலமான பிறகு, வாரிசுச் சான்றுக்காக அண்ணியை அழைத்துக்கொண்டு ராகி அறுப்பை விட்டுவிட்டு மூன்று முறை மலையிறங்கி ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். மூன்று முறையும் அந்த நாற்காலியில் ஒரு துண்டுதான் கிடந்தது. "சார் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்றார்கள். கூலி வேலை செய்யும் அண்ணிக்கு மூன்று நாள் கூலி போயிற்று. அதற்குச் சரண் உண்டா?

ஓய்வுபெற்ற எழுத்தர், பாலக்கோடு:
தங்கள் அலைச்சலுக்கு வருந்துகிறேன், ஐயா. ஆனால் சரண் விடுப்பு என்பது வராத நாளுக்குக் கொடுக்கும் சம்பளம் அன்று; கணக்கில் இருக்கும் ஈட்டிய விடுப்பில் 15 நாளை விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த நாள்களிலும் வேலைக்கு வருபவருக்குத்தான் அந்தப் பணம் கிடைக்கிறது. அது இருந்தால் விடுப்பு எடுப்பது குறையுமே தவிர அதிகரிக்காது. என் பணிக்காலத்தில் காலிப்பணியிடம் நிரப்பப்படாமல் இரண்டு பிரிவுகளின் கோப்புகளை ஒரே மேசையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். காய்ச்சலில் படுத்தால் இரண்டு பிரிவும் சேர்ந்தே நின்றுவிடும். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

ஓசூர்த் தொழிலாளி:
எங்களுக்கு 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் ஊதிய விடுப்பு; பழைய தொழிற்சாலைச் சட்டப்படி, 2025 நவம்பர் வரை, அதுவும் ஆண்டில் 240 நாள் உழைத்தவர்களுக்கே கிடைத்தது. ஒருவர் வராவிட்டாலும் இயந்திரம் நிற்பதில்லை. மேற்பார்வையாளர் அந்த நேரமே வேறொருவரை நிறுத்திவிடுவார்.

அரூர் ஊழியை:
மகப்பேறு விடுப்பை அரசு 2021இல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தியது. அந்த ஓராண்டுக்கும் என் இடத்தில் ஒருவரையும் போடவில்லை. பக்கத்து இருக்கைத் தோழிக்குக் கூடுதல் பொறுப்பு என்று ஓர் உத்தரவு, அவ்வளவுதான். மக்கள் அவரைத் திட்டினார்கள், அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தது நான் செய்த குற்றமா?

ராகிக்காட்டான்:
இல்லை அம்மா, உங்கள் விடுப்பில் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்லமாட்டேன். விடுப்பை அனுமதித்துக் கையெழுத்திடும் அதிகாரி, அன்றைக்கு அந்த வேலையைப் பார்ப்பவரின் பெயரையும் வாசல் பலகையில் எழுத வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "களப்பணி" என்று சொல்லிச் சொந்த வேலைக்குப் போகிறவரை எந்த விடுப்பு விதியும் காப்பாற்றக் கூடாது.

ஓய்வுபெற்ற எழுத்தர், பாலக்கோடு:
அதை நானும் மறுக்கவில்லை. வெளியே செல்பவர் நகர்வுப் பதிவேட்டில் இடமும் நேரமும் எழுத வேண்டும். பல இடங்களில் அது மாலையில்தான் நிரப்பப்படுகிறது என்பதை நானே கண்டிருக்கிறேன். இருந்தாலும், ஆளே நியமிக்காத மேசைக்குப் பலகையில் யார் பெயரை எழுதுவார்கள், ஐயா?