வீ கேமுக்கு சென்சார் பார் எங்கே கிடைக்கும்?

வணக்கம். எங்கள் வீட்டில் டிவியில் இணைத்து விளையாடும் பழைய நின்டெண்டோ வீ கேம் கருவி ஒன்று இருக்கிறது, 2006-இல் வந்த மாடல். கேம் என்றாலே கண் கெட்டுவிடும் என்று விரட்டும் அம்மா, இதிலுள்ள, பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பவுலிங்கை மட்டும் விடமாட்டார். பத்துப் பொத்தான்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லையே! ஒன்றை அழுத்திப் பிடித்து, நிஜப் பந்தை உருட்டுவதுபோல் கையை வீசி விட்டால் போதும். பெரியப்பாகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

இப்போது டிவி பக்கத்தில் வைக்கும் சென்சார் பார் வயரை எலி கடித்துவிட்டது. கையசைவை ரிமோட்டே உணர்ந்துகொள்கிறது, ஆனால் திரையில் சுட்டி வராததால் மெனுவைத் தாண்ட முடியவில்லை. பாரில் இருப்பது சுட்டிக்காக ரிமோட் பார்க்கும் வெறும் அகச்சிவப்பு விளக்குகள்தான், மெழுகுவர்த்திச் சுடரிலும் அகச்சிவப்பு உண்டு என்பதால், டிவிக்கு முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிச் சமாளிக்கிறோம். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது! ஆனாலும் நெருப்பு, பயமாக இருக்கிறது. யுஎஸ்பியில் ஓடும் பார் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? இல்லை, பழைய வயரையே ஒட்டவைக்கலாமா?