வாடி ரம் பயணம்: கேம், கேனிஸ்டர், காப்பீடு பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து எட்டு பேர் நவம்பரில் ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்துக்குப் போகிறோம். பகலில் பாறையேற்றம், இரவில் கூடாரம்.

நம்ம ஊர் கருங்கல் மாதிரி இல்லை, அங்கே மணற்கல். மழை பெய்தால் ஈரம் இறங்கி வலுவிழக்கும், பிடி கையோடு பெயர்ந்து வரும். காயும்வரை காத்திருக்க இரண்டு நாள் கூடுதலாக வைத்திருக்கிறோம்.

பெரும்பாலான தடங்களில் போல்ட் (பாறையில் நிரந்தரமாகப் பதித்த ஆணி) கிடையாது, விரிசலில் கேம் (உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புக் கருவி) வைத்துத்தான் ஏறணும். மென்மையான கல்லில் சின்ன கேம் இழுவையில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், பெரிய அளவுகள்தான் நம்பிக்கை. 5 முதல் 10 செ.மீ. விரிசலுக்கு ஒரு செட் யாராவது வாடகைக்குத் தருவீர்களா? லோப் (கேமின் விரியும் பகுதி) தேயாமல், டிரிகர் கம்பி (அதைச் சுருக்க இழுக்கும் கம்பி) பிசிறில்லாமல் இருக்கணும். 60 மீட்டர் கயிறு இரண்டு இருக்கு. இறங்குமிடங்களில் கயிறு மாட்டக் கட்டிவிட்டுப்போன பழைய ஸ்லிங் (நாடா வளையம்) வெயிலில் வெளுத்து இற்றுப்போயிருக்கும். மாற்றிக் கட்ட 7 மி.மீ. கார்டு (மெல்லிய கயிறு) 20 மீட்டர் எடுத்துக்கொள்கிறோம்.

அடுப்புக்கான கேஸ் கேனிஸ்டரை (சின்ன எரிவாயு உருளை) விமானத்தில் எந்தப் பையிலும் விடமாட்டார்கள். அடுப்பைத் திருகி மாட்டும் வகை, பக்கத்து நகரமான அகாபாவில் கிடைக்குமா?

எல்லாவற்றையும்விட அவசரம் காப்பீடு. பல பயண பாலிசிகளில் கயிறு போட்டு ஏறுவது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. மீட்புச் செலவும் சேர்ந்த பாலிசி எடுத்தவர்கள், அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்துப் போடுங்கள்.